மணிவிழாவுக்குக் கலங்கரை விளக்கம்: கடலா, குன்றா?

அப்பாவின் மணிவிழாவைக் கலங்கரை விளக்கத்தின் அருகே வைக்க விரும்பும் குடும்பத்துக்குச் சிங்கப்பூரில் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வாடகைப் படகில் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் வரை போவது. 1854இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1855இல் ஒளியேற்றப்பட்ட கோபுரம் அது. புலாவ் உபின் தீவின் கருங்கல்லும் இந்தியக் கைதிகளின் உழைப்பும் அதில் இருக்கின்றன. அந்த உழைப்புக்காகவே நம் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும். ஆனால் துறைமுக ஆணையத்தின் அனுமதியின்றி, அது நிற்கும் சத்துமு தீவில் கால் வைக்க முடியாது. விருந்து படகிலேதான். கடல்காற்றில் குத்துவிளக்கின் திரி நிற்காது, வாழையிலையின் நுனி சாம்பார் மேல் மடிந்து விழும். படித்துறைக்கும் படகுக்கும் நடுவே ஏறி இறங்கும் இடைவெளியைத் தாண்ட, முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு இருபுறமும் ஆள் வேண்டும்.

இரண்டாவது, ஃபோர்ட் கேனிங் குன்று. 1903 முதல் 1958 வரை அங்கே கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கம் இப்போது இல்லை. அங்கே நிற்பது அதன் மாதிரி வடிவமே. உயர்ந்த கட்டடங்கள் கடலையும் மறைத்துவிட்டன. எனினும் பூங்காவில் விழா நடத்த முன்பதிவு செய்யலாம், தோபி காட் ரயில் நிலையத்தின் பக்கமிருந்து மின்படிக்கட்டில் ஏறலாம்.

சடங்கும் பந்தியும் முக்கியமென்றால் குன்றுக்கே என் வாக்கு. பத்துப் பேருக்குள், எல்லோரும் அலையைத் தாங்குவார்கள் என்றால், தயங்காமல் படகைப் பேசுங்கள். சாப்பாட்டை மட்டும் தயிர்சாதம், புளியோதரைப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளுங்கள்.