டெல்லி கணேஷைத் தேடினால் பிள்ளையார் பாட்டு வருகிறது: ஒரு ஓடிடி ஆப்போடு ஒரு மாதம்

199 ரூபாய் கட்டி ஒரு மாதம் முழுக்கப் பார்த்தாயிற்று, அதனால் திட்டுவதற்கும் பாராட்டுவதற்கும் எனக்கு உரிமை உண்டு. ஆப்பின் பெயர் வேண்டாம். பழைய தமிழ்ப் படங்கள் எங்களிடம்தான் அதிகம் என்று விளம்பரம் செய்கிற ஒன்று, அவ்வளவு போதும். படம் தெளிவாக ஓடுகிறதா என்றால் ஓடுகிறது. நடுவில் சுற்றிக்கொண்டே நிற்கிறதா என்றால் இல்லை. ஒரே கணக்கில் இரண்டு டிவி. சரி, வழக்கமான விமர்சனம் இதோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சந்தா கட்டியது ஒரே ஒரு ஆளுக்காக. டெல்லி கணேஷ். 2024 நவம்பர் 9 இரவு அவர் காலமானார், மறுநாள் காலை செய்தியில் ஒவ்வொரு படத்திலிருந்தும் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார், "இந்த மனுஷனை நாம ஒழுங்கா பார்க்கவே இல்லையேடா." 400 படங்களுக்கு மேல் நடித்தவரை எப்படிப் பார்க்காமல் இருந்திருப்போம்? பார்த்தோம், ஆனால் கண் கமல் மேல் இருந்தது, இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சரி, இந்த முறை பக்கத்தில் நிற்பவரை மட்டும் பார்ப்போம், அதுவும் வருஷ வரிசையில் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அதற்கு நேரம் வாய்த்தது போன மாதம்தான்.

தேடும் பெட்டியில் தமிழில் 'டெல்லி கணேஷ்' என்று அடித்தேன். முதலில் வந்தது விநாயகர் பக்திப் பாடல்கள். அடுத்து டெல்லியைப் பற்றி ஏதோ ஓர் ஆவணப்படம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆங்கில எழுத்தில் அடித்தால் நான்கு படங்கள் வந்தன. 400-ல் நான்கு! உண்மையில் அந்த ஆப்பில் அவர் நடித்த படங்கள் முப்பதுக்குக் குறையாமல் இருக்கின்றன, பிற்பாடு நாங்களே ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தோம். என்ன நடக்கிறது என்று பார்த்தால், ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் 'நடிகர்கள்' என்ற இடத்தில் மூன்றே பெயர்கள்தான் போட்டிருக்கிறார்கள். தேடும் பெட்டியும் அந்த மூன்று பெயருக்குள்தான் தேடுகிறது. குணச்சித்திர நடிகர் என்றாலே நான்காவது பெயரிலிருந்து ஆரம்பிக்கிறவர்தானே, அப்புறம் எப்படிக் கிடைப்பார்?

இதில் இன்னொன்று. 'அறிமுகத்தைத் தவிர்' என்று ஒரு பொத்தான் வருகிறது. டைட்டில் கார்டு ஓடும் நேரத்தில் சரியாக வந்து நிற்கும். மற்றவர்களுக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் இவரைப் போன்றவர்களின் பெயர் திரையில் வருகிற ஒரே இடம் அதுதான். பத்துப் பதினைந்து பெயர்கள் ஒரே அட்டையில், பொடி எழுத்தில் வந்து போகும். அந்தப் பக்கம் ரிமோட்டைத் தொடாதே என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார்.

ஆகவே ஆப்பை நம்பாமல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாங்களே ஒரு பட்டியல் எழுதினோம். அப்பா பெயரே சொல்ல மாட்டார், "மிருதங்கம் வாசிப்பாரே அது", "சமையல்காரரா வருவாரே அது" என்றுதான் சொல்வார். நம்மில் பாதிப் பேர் இவரை அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

வரிசைப்படி முதலில் வரவேண்டியது பட்டினப்பிரவேசம், 1977. அது இல்லை. ஆரம்பமே இல்லாமல் ஒருவரின் கதையைப் பார்ப்பது எப்படி என்று எரிச்சலாக இருந்தது. 1964 முதல் 1974 வரை விமானப் படையில் இருந்தவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறியவர், அப்புறம் சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்தவர். விசுவின் நாடகத்தை கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது இவருக்கு அதில் இடம் கிடைத்தது. பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைச் சேர்த்ததும் பாலசந்தர்தான். ஆப்புக்கு அது ஊர்ப் பெயராகவே தெரிவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பசி (1979) இருக்கிறது. ஆனால் இன்றைய டிவி அகலத்துக்குப் பொருந்த வேண்டுமென்று படத்தின் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். நின்றால் உச்சந்தலை போகிறது, உட்கார்ந்தால் கால் போகிறது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் இது. ரிக்‌ஷா இழுக்கும் அப்பாவாக வந்த டெல்லி கணேஷுக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. உடம்பால் நடித்த பாத்திரத்துக்கு முகம் மட்டும் போதும் என்று யாரோ கத்தரித்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

சிந்து பைரவி (1985) பிரதி அருமை. இதுவரை பத்து முறையாவது பார்த்திருப்பேன், ஆனால் குருமூர்த்தியை மட்டும் கவனித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரர் அவர். வாசனை பிடித்த பாடகர் அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுவார். நாம் எல்லோரும் சிவகுமாரின் அந்தக் கம்பீரத்தைத்தான் ரசித்திருக்கிறோம். அந்தப் பக்கம் மிருதங்கக்காரரின் முகத்தைப் பாருங்கள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, தப்பு செய்த பள்ளிக்கூடத்துப் பையனின் முகம். குடித்தவன் என்றால் தள்ளாட வேண்டும், நாக்கு குழற வேண்டும் என்கிற எந்தப் பழைய பழக்கமும் இல்லை. பின்னால் அதே பாடகரே குடியில் விழும்போது, இந்த முகம் முன்பே மனதில் பதிந்திருப்பதால்தான் அந்த வீழ்ச்சி இரண்டு மடங்காக அடிக்கிறது. ரிமோட்டில் பத்து நொடி பின்னால் போகும் பொத்தான் இருக்கிறது. அது பிரமாதம், ஆப்பில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அந்தக் காட்சிக்கு மட்டும் ஆறு முறை அழுத்தினோம்.

நாயகனில் (1987) இவர் ஐயர். இந்தி தெரியாத வேலு நாயக்கருக்கும் இந்தி பேசும் தாதாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர். இரண்டு பக்கமும் மிரட்டுகிற ஆட்கள், நடுவில் இந்த மனிதர் பயத்தை விழுங்கிக்கொண்டு பேச வேண்டும். அபூர்வ சகோதரர்களில் (1989) வில்லன், அதை அப்பா நம்ப மறுத்தார்.

மைக்கேல் மதன காமராஜன் (1990) பற்றி இரண்டு வார்த்தை. கிரேசி மோகன் வசனம், பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர், இது எல்லோருக்கும் தெரியும். டெல்லியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்குத் தமிழ் வராது, அவருக்காக ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுப் பார்த்தோம். மணி ஐயர் இழுத்து இழுத்துப் பேசுகிற பாலக்காட்டுத் தமிழ், கீழே ஏதோ வங்கிக் கடிதம் மாதிரி மொட்டையாக வருகிறது. மனிதர் சிரிக்கவே இல்லை. நாங்கள் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருக்க, அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீரியல்கள், மேடை நாடகங்கள் என்று எடுத்துக்கொண்டால் சுத்தம். 'நாடகம்' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் முழுக்க மாமியார் மருமகள் சண்டை. மேடையில் வளர்ந்த ஒருவரின் மேடை நடிப்பு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆப்பை மூடிவிட்டு யூடியூபுக்குப் போனால், 2015-ல் புட் சட்னி என்ற யூடியூப் நகைச்சுவை சேனல் எடுத்த 'பேட்மேன் சென்னைக்காரனாக இருந்தால்' என்ற வீடியோவில் பேட்மேன் வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரெடாக வந்து நிற்கிறார், அதுவும் இலவசமாக. எழுபது வயதில் இளவட்டங்களோடு சேர்ந்து இதைச் செய்யச் சம்மதித்தாரே என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன், குறைந்தது பத்துப் பெயராவது போடுங்கள் என்று. "உங்கள் கருத்துக்கு நன்றி, வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று பதில் வந்தது. தேவை என்று மறுபடி எழுதினேன், அதற்கும் அதே பதில்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். பின்னால் போகும் பொத்தானுக்கும் சிந்து பைரவி பிரதிக்கும் சேர்த்துத்தான் இந்த இரண்டரை. சந்தா வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. காலண்டர் தாளில் இன்னும் பதினொரு படம் டிக் அடிக்காமல் இருப்பதால் ஒரு மாதம் நீட்டிக்கலாமா என்று அப்பா கேட்கிறார். நேற்று ஆப்பைத் திறந்தால் முகப்பில் புதிதாக ஒரு வரிசை முளைத்திருந்தது: 'நீங்கள் விரும்பிப் பார்ப்பது: கமல்ஹாசன்.'