“தேனீக் கூட்டுச் சத்து” மாத்திரை வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

உடல்வலு கூடும், சோர்வு போகும் என்று ஆன்லைனில் விளம்பரம் செய்கிற ஒரு “தேனீக் கூட்டுச் சத்து” மாத்திரையை என் தங்கை வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விடவே திணற ஆரம்பித்துவிட்டாள். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இதில் என்ன இருக்கிறது என்பதுதான். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதில் “இயற்கையான தேனீப் பொருள்” என்பதைத் தவிர எதுவும் அச்சிடவில்லை.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அப்புறம் விற்றவர்களை விடாமல் கேட்டபோதுதான் அது ஆண் தேனீப் புழுக்களை உலர்த்தி அரைத்த பொடி என்று ஒப்புக்கொண்டார்கள். அனுமதி எங்கே என்றால் கம்பெனியின் பதிவுச் சான்றிதழை அனுப்புகிறார்கள்! கம்பெனி நடத்த வாங்கிய பதிவு வேறு, அந்த மூலப்பொருளைச் சாப்பிடலாமா என்று ஆராய்ந்து தரும் அனுமதி வேறு. இதைக் குழப்பித்தான் விற்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 மே 15க்கு முன் அங்கே குறிப்பிடத்தக்க அளவில் மக்கள் சாப்பிடாத உணவு என்றால் அது புதுவகை உணவு, பாதுகாப்பு ஆய்வு முடிந்து அனுமதிப் பட்டியலில் ஏறிய பிறகுதான் விற்கலாம். 2021இல் அங்கே மஞ்சள் மாவுப்புழு என்ற பூச்சிப் புழுவை உணவாக அனுமதித்தபோதுகூட, இறால், நண்டு வகைகளோ வீட்டுத்தூசி உண்ணியோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒவ்வாமை வரலாம் என்று லேபிளில் எழுத வேண்டும் என்றார்கள். பூச்சிப் புரதத்துக்கும் இறால் புரதத்துக்கும் அவ்வளவு ஒற்றுமை. அந்த ஒரு வரி எங்கள் குப்பியில் இருந்திருந்தால் என் தங்கை அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

தேனீப் புழு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். தேனீக்கள் தங்கள் ராணிக்கு ஊட்டச் சுரக்கும் ராயல் ஜெல்லியால் ஆஸ்துமா நோயாளிகள் இறந்ததுண்டு, அதனால்தான் கடுமையான ஒவ்வாமையும் அரிதாக உயிரிழப்பும் நேரலாம் என்று அதன் லேபிளிலேயே எழுத வேண்டும் என ஆஸ்திரேலியாவில் சட்டம் இருக்கிறது. மகரந்தத்தில் சில செடிகளிலிருந்து வரும், கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருக்கலாம், அதற்கும் ஐரோப்பாவில் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆண் புழு அறைகளை, தேனீக்களைத் தாக்கும் ஒட்டுண்ணியான வரோவா உண்ணி அதிகம் தேடிப் போகும் என்பதால் உண்ணியைக் குறைக்கவே அந்த அடைகளை வெட்டி எடுப்பார்கள். அதே பெட்டியில் உண்ணி மருந்து போட்டிருந்தால் அது மெழுகில் தங்கும். அந்தப் புழுதான் பொடியாகி வருகிறதா, மருந்து மிச்சம் உண்டா என்று சோதித்தீர்களா எனக் கேட்டேன். பதிலே இல்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறோம், எழுதியதை எடுத்துவிடுங்கள் என்று இப்போது கெஞ்சுகிறார்கள். எடுக்க மாட்டேன், அதே குப்பி அதே லேபிளோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. மிச்ச மாத்திரைகளை ரசீதோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கொடுத்துப் புகார் செய்திருக்கிறோம். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தொகுதி எண் தெரிகிற மாதிரி குப்பியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.