மாடி அறை மல்லாரி

இந்த முறை கும்பகோணத்தில் பதினாறு நாள் இருந்தேன். அதில் நாலு நாள் ஒரே வேலையில் போயிற்று. மாடிக் கணினியில் இருக்கும் நாகஸ்வரப் பதிவுகளை அப்பா கீழே கூடத்தில் உட்கார்ந்தபடியே தன் மடிக்கணினியில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஊரில் வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், யாரைக் கூப்பிட்டேன், யார் என்ன செய்தார்கள், கடைசியில் எதனால் சரியாயிற்று என்று விவரமாக எழுதுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 1980களில் சுற்றுவட்டாரக் கோவில் திருவிழாக்களுக்கெல்லாம் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போவார். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி, நடுநிசியில் நான்கு வீதிகளிலும் விரியும் தோடி, விடியற்காலைத் தவில் தனி என்று 130 கேசட்டுகள் சேர்த்து வைத்திருக்கிறார். வாசித்தவர்களில் பலர் இன்று இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு கேசட்டாகக் கணினியில் ஏற்றினார். சுருக்கினால் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியின் கரகரப்பு போய்விடுகிறது என்று எதையும் சுருக்கவில்லை. அப்படி ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 90 நிமிடக் கேசட் ஒன்று 950 எம்பி. அவரிடம் இருந்த 8 ஜிபி பென்டிரைவில் எட்டுக் கேசட்டுக்கு மேல் கொள்ளாது.

போன ஆண்டு அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மாடிக்குப் பதினேழு படி. நான் போய் இறங்கிய மறுநாள் காலை அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறுவதைப் பார்த்தேன். சட்டைப்பையில் சிவப்புக் கயிறு கட்டிய பென்டிரைவ். எட்டுக் கேசட் கேட்டு முடித்ததும் அடுத்த எட்டை எடுத்துவர மறுபடியும் படியேறுகிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதலில் இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தை அழைத்தேன். மாடியில் சிக்னல் வரவில்லை என்று அப்பா புகார் சொன்னபோது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாற்றி, ஒரு ரௌட்டரையும் மாடியில் வைத்துவிட்டுப் போயிருந்தவர்கள் அவர்கள்தான். இரண்டு கணினியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றேன். மறுமுனையில் இருந்தவர், "இன்னும் வேகமான திட்டம் இருக்கிறது மேடம், மாற்றித் தரட்டுமா?" என்றார். கோபம் வந்தது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோப்பு தெருவுக்கே போவதில்லை. நாம் மாதாமாதம் கட்டும் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. போதாக்குறைக்கு, அப்பா கேட்கும் ஒலிப்பதிவுக்கு விநாடிக்கு ஒன்றரை மெகாபிட்கூடத் தேவையில்லை. எழுபத்தைந்து வயதுக்காரரிடம் இதைச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் விற்றது சரியில்லை.

அடுத்து ஒரு கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆனால் எதையும் கேட்கவில்லை. மாடிக் கணினியில் வெளி ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தார், கடவுச்சொல் கேட்பதை நிறுத்தினார், எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையைத் தேடிப் பிடித்து இயக்கினார். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. "விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றார். அதைக் கேட்டதும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். இரண்டு ஆண்டு உழைப்பு அந்த ஒரே வட்டில் இருந்தது. 800 ரூபாய் கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன்.

எஸ்எம்பி 1 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பல இடங்களில் இதைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல், இந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி பாய்ந்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பு நிலையில் ஒதுக்கிவிட்டது. விண்டோஸ் 10, 11 இரண்டும் பேசிக்கொள்ள அது தேவையே இல்லை. அப்பாவுடைய மாடிக் கணினி 10, கீழே இருப்பது 11.

மூன்றாவதாக வந்தவர் பாலிடெக்னிக் முடித்து, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடையில் வேலை செய்யும் பெண். வந்ததும் கணினியைத் தொடவில்லை. "சார், நீங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்? மாடியில் இருப்பதைக் கேட்டால் போதுமா, மாற்றவும் வேண்டுமா?" என்று கேட்டார். கேட்டால் மட்டும் போதும் என்றார் அப்பா. பிறகு இரண்டு கணினியிலும் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்வொர்க்கில் அவற்றின் முகவரியாக வந்த எண்களை நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கீழே 192.168.1.7. மாடியில் 192.168.0.102. மூன்றாவது எண்ணை வட்டமிட்டு என்னிடம் நீட்டினார். "அக்கா, இரண்டும் வேறு வேறு தெருவில் இருக்கின்றன."

நோய் அதுதான். இணையம் வந்து சேரும் கீழே உள்ள மோடம் ஒரு வரிசையில் எண் கொடுக்கிறது. மாடியில் வைத்த ரௌட்டர் தன் பங்குக்கு இன்னொரு வரிசையில் கொடுக்கிறது. மாடியிலிருந்து வெளியே போக வழி உண்டு, அதனால் இணையம் வேலை செய்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கீழிருந்து மாடிக்கு நுழையத்தான் வழி இல்லை. கணினியை எத்தனை முறை ஃபார்மட் செய்திருந்தாலும் இது தீர்ந்திருக்காது.

அவர் மாடி ரௌட்டரின் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றினார். எண் வழங்கும் வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டு மோடத்துக்கு மட்டும் விட்டார். கீழிருந்து வரும் நீலக் கம்பியை, வெளி இணைப்புக்கான 'வான்' துளையிலிருந்து உருவி, வீட்டுக் கணினிகளுக்கான 'லேன்' துளையில் செருகினார். இப்போது இரண்டும் ஒரே தெரு.

உடனே திறந்துவிடவில்லை. கம்பி மாறியதும் மாடிக் கணினி இதைப் புதிய நெட்வொர்க் என்று எண்ணி 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டது. ரயில் நிலைய வைஃபைக்கு உரிய எச்சரிக்கை அது. பகிர்வு எல்லாம் அடைபட்டுவிடும். அதை 'பிரைவேட்' ஆக்கினார். முன்னவர் அணைத்த ஃபயர்வாலை மறுபடியும் இயக்கினார், எஸ்எம்பி 1-ஐ நீக்கினார். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து, கீழிருந்து திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. அப்பா தினமும் அடிக்கும் நாலு இலக்க எண்ணை அடித்தார். தவறு என்றது. மூன்று முறை அடித்தார், முகம் சுருங்கிவிட்டது. அந்த நாலு இலக்க எண் அந்தந்தக் கணினியில் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு முழுக் கடவுச்சொல் வேண்டும். அது அப்பாவுக்கு நினைவில்லை. இதைத் திரை எங்கேயும் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அந்தப் பெண் மாடிக் கணினியில் 'கூடம்' என்று தனியாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, பதிவுகள் உள்ள கோப்புறையைப் படிக்க மட்டும் அதற்கு அனுமதி கொடுத்தார். இனிக் கீழிருந்து கை தவறி எதையும் அழிக்க முடியாது.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். மாடிக் கணினிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி மோடத்தில் குறித்து வைத்தார். அரை மணி நேரத்தில் தூங்கிவிடும் பழக்கத்தை நிறுத்தினார். கீழே மடிக்கணினியில் அந்தக் கோப்புறையை ஒரு டிரைவ் போலப் பதித்தார். ஒன்றரை மணி நேர வேலைக்கு 500 ரூபாய் கேட்டார். அம்மா அவர் கையில் காபியைக் கொடுத்து, கூடுதலாக 200-ஐயும் திணித்தார்.

நீலக் கம்பியில் எட்டு இழைக்குப் பதில் நாலை மட்டும் இணைத்திருப்பதையும் அவர் காட்டினார். அதனால் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. பாட்டுக்குத் தாராளம். மொத்தப் பதிவையும் அதன் வழியாக நகலெடுத்தால் மட்டும் மூன்று மணி நேரம் பிடிக்கும். நான் வெளிவட்டு ஒன்று வாங்கி நேராக மாடிக் கணினியிலேயே செருகி நகலெடுத்துக்கொண்டேன். ஒரே வட்டில் இருந்தது மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அடுத்த முறை மாடிக் கணினியையே மாற்ற வேண்டும்.

ஒரு மிச்சம் இருந்தது. மின்சாரம் போனால் கூடத்து மோடமும் மாடிக் கணினியும் இன்வெர்ட்டரில் ஓடும். மாடி ரௌட்டர் மட்டும் சாதாரண பிளக்கில் இருந்தது. எலக்ட்ரீஷியனை அழைத்தேன். இன்று நாளை என்று மூன்று நாள் இழுத்தடித்து, நான் கிளம்புவதற்கு முதல் நாள் வந்து பத்து நிமிடத்தில் லைன் மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றபோது கூடத்தில் மல்லாரி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை எடுக்கும்போது மின்விசிறி குறைந்து நின்றது, கரண்ட் போய்விட்டது. அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தோம். தவில் நிற்கவில்லை.