துரொம்சோ இருட்டுக்கு வாங்கிய ஒளி விளக்கு

நோர்வேயின் வடக்கே இருக்கும் துரொம்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். முதல் இரண்டு குளிர்காலமும் எழும்பவே மனமில்லாமல், யாரோடும் கதைக்கப் பிடிக்காமல் கழிந்தன. மூன்றாம் வருடம், பகல் வெளிச்சத்துக்குப் பதிலாக முன்னால் வைத்து இருக்கும் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) ஒளி விளக்கு ஒன்று வாங்கினேன்.

காலை ஏழு மணிக்கு, முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்து அரை மணி நேரம் இருப்பேன். கையில் பிளேன்டீ. போனைத் தொடுவதில்லை. கோப்பையின் ஆவி அந்த வெள்ளை வெளிச்சத்தில் நூல் நூலாக ஏறும். யாழ்ப்பாணத்தில் அம்மா விடியப்புறம் சாமி விளக்கேற்றிவிட்டுப் பேசாமல் இருப்பா. அந்த அமைதி இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க எனக்கென்று இருப்பது இந்த அரை மணிதான். இரண்டு கிழமையில் பின்னேரச் சோர்வு நன்றாகக் குறைந்தது. அப்புறம் பாதியில் விட்ட டைரியையும் எடுத்தேன்.

விளக்கின் தாங்கிதான் மோசம், சாய்ந்துகொண்டே இருக்கும். புத்தகம் அண்டை கொடுத்திருக்கிறேன். இரவில் போடாதீர்கள், தூக்கம் கெடும். கண் நோய் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.