பெட்டி ராட்டை: வேலூர் வெயிலில் நூற்குமா?

காந்தி ஜெயந்தி நெருங்கினால் பள்ளிகளுக்கு ராட்டை நினைப்பு வந்துவிடும். கடையில் கிடைப்பது இரண்டு ரகம். ஒன்று, மேசையில் வைக்கும் அலங்கார ராட்டை. பளபளக்கும், சக்கரமும் சுற்றும், நூல் மட்டும் வராது. நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் கூரிய கம்பியான கதிர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மழுங்கிய குச்சி இருக்கும். மற்றது பெட்டி ராட்டை. வரலாறு சொல்லித்தர வாங்குகிறீர்கள் என்றால் இரண்டாவதைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம்.

பழைய ராட்டையின் பெரிய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. காந்தி புனேயின் எரவாடா சிறையில் இருந்தபோது உருவம் கொடுத்தது இந்த மடக்கு ராட்டை. எரவாடா சக்கரம் என்றும் பெயர். ஒரு பெரிய சக்கரத்தின் வேலையைப் படுக்கைவசமாக வைத்த இரண்டு வட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கைப்பிடி உள்ள பெரிய வட்டிலிருந்து ஒரு கயிறு சிறிய வட்டின் அச்சுக்குப் போகிறது. சிறிய வட்டிலிருந்து இன்னொரு கயிறு கதிருக்கு. வேகம் இரண்டு படியாக ஏறுவதால் பெட்டி சின்னதாக இருந்தும் கதிர் பறக்கிறது.

வாங்கும்போது கடையிலேயே திறந்து பார்க்க வேண்டியவை சில. கதிரைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். முனை துள்ளினால் அது வளைந்த கதிர். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கயிற்றின் இணைப்பு முடிச்சாக இருக்கக் கூடாது. முடிச்சு ஒவ்வொரு முறை கதிரின் கப்பியில் (கயிறு ஓடும் சிறு உருளை) ஏறும்போதும் கதிர் உதறும். இரண்டு முனைகளையும் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிச் சேர்த்திருக்க வேண்டும். அடுத்து, கப்பியில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்துக் கைப்பிடியை ஒரே ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிக் கதிர் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். இந்த எண் தெரியாமல் நூற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நூற்பதுதான்.

ஏனென்றால் இருபதாம் நம்பர் நூலுக்கு (நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசாகும்) அங்குலத்துக்கு 15 முதல் 18 முறுக்கு வேண்டும். ஓர் அடி நூலுக்கு ஏறக்குறைய 180 முதல் 216 சுற்று. கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கதிர் 60 சுற்று சுற்றுகிறது என்றால், அடிக்கு மூன்று முதல் மூன்றரைச் சுற்று போதும். கூடினால் நூல் தன்மேலேயே திருகிக்கொள்ளும். குறைந்தால் இழுத்ததும் பஞ்சாகப் பிரிந்துவிடும். புதிதாக நூற்பவர்கள் பெரும்பாலும் கூட்டித்தான் விடுகிறார்கள். வலது கை வேகமாகச் சுற்ற, இடது கை, நூற்பதற்காகச் சுருட்டிய பஞ்சுப் பட்டையைப் பின்னிழுக்கத் தயங்குவதுதான் காரணம்.

நூற்கும்போது நூல் கதிரின் முனையிலிருந்து சாய்வாக வர வேண்டும். ஒரு கை நீளம் வந்ததும் கைப்பிடியைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, முனையில் சுற்றியிருக்கும் சுருளை அவிழ்த்து, நூலைக் கதிருக்கு நேர்க்குறுக்காகப் பிடித்துச் சுற்ற வேண்டும். பின்னோக்கித் திருப்பும் அந்த அரைநொடியை விட்டுவிடுபவர்களுக்கு நூல் எப்போதும் முனையில்தான் அறும்.

இனி வெயில். சித்திரை, வைகாசியில் வேலூர்க் காற்றில் ஈரம் என்று ஒன்று இருக்காது. உலர்ந்த பஞ்சு எளிதில் அறும். மரம் சுருங்கி வட்டின் அச்சு ஆடத் தொடங்கும். கயிறு தளர்ந்து வழுக்கும். காலை ஒன்பது மணிக்குள் வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் தேன்மெழுகு தடவினால் பிடிப்பு வரும். கதிர் தங்கும் இடத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பஞ்சுப் பட்டையை நசுங்காமல் டப்பாவில் வையுங்கள். நசுங்கிய பட்டை இழுபடாது. இந்த ராட்டையில் உண்மையான குறை என்றால், பட்டை உள்ளூரில் எளிதாகக் கிடைக்காததுதான். ராட்டையோடு சேர்த்தே ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது.

நூல் வந்த பிறகு மாணவர்களைக் கணக்குப் போட வையுங்கள். 1924 டிசம்பரில் காந்தி தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவை மாதம் 2,000 கெஜம் நூல் என்று ஏற்றது. இருபதாம் நம்பரில் அது சுமார் 54 கிராம். அங்குலத்துக்கு 40 இழை பாவு (நீளவாட்டு நூல்), 40 இழை ஊடை (குறுக்கு நூல்) என்று 36 அங்குல அகலத்தில் ஒரு கெஜம் துணி நெய்ய 2,880 கெஜம் நூல் வேண்டும், சேதாரம் தனி. ஒருவர் ஒரு மாதம் நூற்றால் ஒரு கெஜம் துணிகூடத் தேறாது! அந்த விதியும் மறு ஆண்டே தளர்ந்து, நாலணா கொடுத்தாலும் போதும் என்றானது.

அப்படியானால் ராட்டை எதைச் சாதித்தது? 1929-30 இல் 124.8 கோடி கெஜமாக இருந்த பிரிட்டிஷ் துணி இறக்குமதி, 1930-31 இல் 52.3 கோடியாக விழுந்தது. உலகப் பொருளாதார மந்தத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அந்த இடத்தை நிரப்பியதும் பெரும்பாலும் ஆலைத்துணி, கதர் இல்லை. ஆனால் அந்நியத் துணி உடுத்துவதை வெட்கப்பட வேண்டிய காரியமாக மாற்றியதும், மேடையேறிப் பேசத் தெரியாதவருக்கும் தினமும் அரை மணி நேர அரசியல் வேலை கொடுத்ததும் காந்தியின் கெட்டிக்காரத்தனம். ராட்டை மட்டுமே வெள்ளையரை விரட்டியது என்று சுவரொட்டி எழுதுவது 1942 போராட்டத்தையும், போரில் பிரிட்டன் ஓட்டாண்டியானதையும், 1946 கடற்படைக் கிளர்ச்சியையும் மறைத்துவிடும்.

வேலூரும் திருப்பத்தூரும் அடங்கிய பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம். 1921 இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர், கதர் உடுத்தியவர். 1932 இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் போலீஸ் அவரையும் அடித்தது. 1921 டிசம்பரில் வேலூர் மத்திய சிறைக்குள் போய் மூன்று மாதம் இருந்த ராஜாஜி, 1925 இல் திருச்செங்கோட்டில் ஆசிரமம் அமைத்துக் கதர் வேலையில் இறங்கினார்.

மாணவர் நூற்றதை நெய்து பார்க்க ஆசையிருந்தால் குடியாத்தம் தறிக்காரரிடம் கேட்கலாம். ஊடைக்கு மட்டும் கேளுங்கள். பாவில் ஏற்றினால், பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதில் உரசியே அறுந்துபோகும்.

ஒரு பள்ளிக்கு இரண்டு பெட்டி ராட்டையும் பத்துப் பன்னிரண்டு தக்ளியும் (கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிர்) போதும். தக்ளியில் பட்டை இழுக்கக் கை பழகிய பிறகே ராட்டையில் உட்கார வையுங்கள். ராட்டைக்கு இரண்டு உபரிக் கதிர், ஒரு கட்டு கயிறு சேர்த்து வாங்குங்கள். காந்தி ஜெயந்தித் தள்ளுபடி கதர்த் துணிக்கு மட்டுமா, ராட்டைக்கும் உண்டா என்பதைப் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.