1.7 டன் என்று விற்றார்கள், ஆர்.சி.யில் இருப்பது 1.2 டன்: டீசல் பிக்கப் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா அறுவடைக்குள் ஒரு டீசல் பிக்கப் எடுத்துவிடலாம் என்று ஷோரூம் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஷோரூமின் பெயரைப் போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. வண்டி கம்பெனி மேல் எனக்குப் புகார் கிடையாது. கம்பெனி அச்சடித்த தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடையில் நின்று விற்றவர்கள் செய்த வேலை இது.

எனக்கு வேண்டியது மூன்று. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போகவேண்டும். சீசனில் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வாடகைக்கு நானே ஓட்டவேண்டும். நடவு மெஷினைச் சின்ன ட்ரெய்லரில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போகவேண்டும். இதையெல்லாம் சொல்லித்தான் விலை கேட்டேன். கொட்டேஷனில் '1.7 டன்' என்று எழுதி, சீல் போட்டு, கையெழுத்தோடு வாங்கி வைத்திருக்கிறேன்.

சேல்ஸ் தம்பி வாய்க்கு வாய் அண்ணன் போட்டுப் பேசுவார். "1.7 டன் தாராளமா ஏத்தலாம்ணே" என்றார். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள், "இந்த வண்டிக்குப் பெர்மிட்டே வேணாம்ணே, மூணு டன்னுக்குள்ளதான் வரும்" என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் மொத்த எடை என்பது வெறும் வண்டி, பாடி, சரக்கு, டிரைவர், கூட உட்கார்ந்திருப்பவர் எல்லாம் சேர்ந்தது. 3000-இல் 1700 போனால் மீதி 1300. 1.7 டன் ஏற்றும் டீசல் பிக்கப் எதுவும் வெறும் வண்டியாக 1300 கிலோவில் நிற்காது. ஆகவே 1.7 டன் ஏற்றுகிற வண்டி என்றால் பெர்மிட் வேண்டும், பெர்மிட் வேண்டாத வண்டி என்றால் 1.7 டன் ஏற்றாது. இரண்டையும் ஒரே வண்டிக்குச் சொல்கிறவர் ஒன்றில் பொய் சொல்கிறார்.

இதில் இன்னொரு சிக்கல், ஒரே பெயரில் பல எடைக்கு வண்டி வருவது. டாடா யோதாவிலேயே 1200, 1500, 1700 கிலோ என்று தனித்தனி, 2.0 என்று வந்தது 2000 கிலோ. பொலேரோ பிக்கப்பிலும் 1.3, 1.7 என்று உண்டு. இன்ட்ரா வி30 என்றால் 1300, வி50 என்றால் 1500. முகப்பைப் பார்த்தால் பல சமயம் வித்தியாசமே தெரியாது. நம் ஊரில் ஆயுத பூஜைக்கு வண்டி கைக்கு வந்தால் போதும் என்று கூட்டம் நிற்கும். அந்த அவசரத்தில்தான் எனக்கு 1.7 என்று பேசிய வண்டிக்குப் பதில், பார்க்க அதே மாதிரி இருக்கும் குறைந்த எடை வண்டியை மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவிட்டார்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. கார்டு ‘வந்துக்கிட்டே இருக்கு’ என்று இழுத்தார்கள்.

கொள்முதல் நிலையத்துச் சிப்பம், அதாவது ஒரு மூட்டை நெல், 40 கிலோ, சாக்கோடு சேர்த்து 40 கிலோ 580 கிராம். 38 சிப்பம் ஏற்றினேன். என்னையும் கூட வந்தவரையும் சேர்த்தாலும் 1.7 டன்னுக்குள் அடங்கும், கணக்குப் போட்டுத்தான் ஏற்றியது. நீடாமங்கலம் தாண்டுவதற்குள் பிரேக் இன்ஸ்பெக்டர் மறித்தார். போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எடைமேடைக்கு விடுப்பா" என்றார். சீட்டு வந்தது: 3470 கிலோ. போனைத் திருப்பிக் காட்டினார். வெறும் வண்டி 1790, மொத்தம் 2990.

அதாவது என் வண்டியில் ஏற்ற அனுமதி 1200 கிலோ. அதில் இரண்டு ஆளின் எடை போக 26 சிப்பம்தான். 38 சிப்பத்துக்குக் காசு கொடுத்தவனுக்கு 26 சிப்பம் வண்டி.

அதிக லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அடிப்படை அபராதமே 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலவரம். மிச்சச் சரக்கை அங்கேயே இறக்கி வேறு வண்டியில் ஏற்றும் செலவும் நம்முடையது. மழை மூடிக்கொண்டு வந்தது, நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். தார்ப்பாயோடு நான் பட்ட பாடு வேறு கதை.

ஷோரூமுக்குப் போனால் அண்ணன் போய் சார் வந்துவிட்டது. மேனேஜர் சொன்ன முதல் பதில்: "பாடி கட்டினா எடை கூடத்தான் சார் செய்யும்." சரி, கூடட்டும். கம்பெனித் தாளில் இந்த வண்டியின் வெறும் எடை 1640. இவர்களே காட்டிவிட்ட பட்டறையில் கனத் தகட்டில் பக்கவாட்டை உயர்த்திக் கட்டியதில் 150 கிலோ ஏறியிருக்கிறது. அது சரக்கில் கழிகிறது, ஒத்துக்கொள்கிறேன். பாடியே கட்டாவிட்டாலும் 2990-இல் 1640 போனால் 1350 தானே வருகிறது? 1700 எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது பதில்தான் எனக்கு ஆத்திரம் மூட்டியது. "எல்லாரும் ரெண்டு டன் ஏத்திக்கிட்டுத்தான் போறாங்க. ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூடுதலாப் போட்டுக்கங்க." பட்டை கூட்டினால் வண்டி தொங்காது, அவ்வளவுதான். பிரேக், ஆக்சில், டயர் எல்லாம் பழையதுதான். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் மாறாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

விலையை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்றும் பார்த்தேன். மொத்தத் தொகை கொட்டேஷனில் சொன்னதேதான். ஆனால் பில்லில் வண்டி விலை குறைந்த மாடலுக்கு உரியது. மிச்சத்தைப் பாடி, ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று பிரித்துப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ‘ஆன் ரோடு எவ்வளவு’ என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். வண்டி விலையைத் தனியாகக் கேட்டு, அதை ஏற்றக்கூடிய கிலோவால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று சொன்ன வண்டி கிலோவுக்கு அதிக விலையில் நிற்பது அப்போது தெரியும்.

இப்போது ட்ரெய்லர் விஷயம். "டார்க் இருக்குண்ணே, யானையையே இழுக்கும்" என்று என்ஜினின் இழுவிசையைச் சொல்லி, அதே பட்டறையில் பின்னால் கொக்கி வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். என்ஜினுக்கு இழுக்கத் தெம்பு இருப்பது வேறு, வண்டி இழுவைக்கென்று அனுமதி பெற்றிருப்பது வேறு. அமெரிக்கப் பிக்கப்புகள் பெரிய பெரிய ட்ரெய்லரை இழுத்துப் போகும் வீடியோவைக் காட்டி விற்கிறார்கள். அங்கே வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை எவ்வளவு போகலாம் என்று கம்பெனியே எண் கொடுக்கிறது, வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. என் வண்டியின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியும் அப்படி ஓர் எண் இல்லை.

இரண்டு சக்கர ட்ரெய்லரின் எடையில் ஒரு பகுதி, ஏறக்குறைய பத்தில் ஒன்று, கொக்கி வழியாக நம் பின் ஆக்சில் மேல் உட்காரும். அதுவும் அந்த 1200-இல் சேர்த்தி. டெல்டாவில் மலை இல்லை என்பார்கள். வயலிலிருந்து கோரையாற்றுக் கரை ரோட்டுக்கு ஏறும் சரிவில் ட்ரெய்லரோடு ஏறிப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் கையில் நிற்காது. இறங்கும்போது ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், அதற்குத் தனி பிரேக் கிடையாது. கொஞ்ச நாளில் கொக்கி வைத்த இடத்தில் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். சர்வீஸில் காட்டினால், சேஸிஸில் வெல்டிங் வைத்ததற்கு வாரண்டி கிடையாது என்றார்கள். வைத்துக் கொடுத்ததே உங்கள் ஆள்தானே என்றால், அது வெளிப் பட்டறையாம்.

அப்புறம் பாலிசியை எடுத்துப் படித்தேன். சரக்கு வண்டிப் பாலிசிகளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். ட்ரெய்லர் இழுக்கும்போது பாலிசி செல்லாது என்று அதில் இருந்தது. பழுதாகி நின்ற ஒரே ஒரு மோட்டார் வண்டியைக் கூலி வாங்காமல் இழுப்பதற்கு மட்டும் விலக்கு. உங்கள் பாலிசியிலும் அந்தப் பத்தியைத் தேடிப் பாருங்கள். நடவு மெஷினை இப்போது தனியாக வாடகைக்கு டிராக்டர் வைத்துத்தான் கொண்டுபோகிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும், "கமர்ஷியல் வண்டி சார், நீங்க நுகர்வோரே கிடையாது" என்றார் மேனேஜர். பலர் இதைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். வண்டி விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே பார்க்கும், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து பதிவு போட்டுவிட்டு, திருவாரூரில் கொடுத்திருக்கிறேன்.

இனி எடுக்கப் போகிறவர்கள், முழுப் பணம் கட்டுவதற்கு முன் படிவம் 21 கேளுங்கள். விற்பனைச் சான்று அது. வெறும் எடை, ஒவ்வொரு ஆக்சிலும் தாங்கும் எடை, மொத்த எடை எல்லாம் அதில் இருக்கும். வெளியில் பாடி கட்டினால் 22-ஏ என்று ஒரு படிவம் உண்டு, அதையும் விடாதீர்கள். "ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சதும் தர்றோம்ணே" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள், போனில் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டு இரண்டு எடையையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கொட்டேஷனில் ஒன்று, அங்கே ஒன்று என்று இருந்தால் அந்தக் கொட்டேஷனைப் பத்திரமாக வையுங்கள். அதே ஷோரூம் என்றால் எனக்கும் தெரியப்படுத்துங்கள், என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுவிடலாம்.