கை முந்துது, குரல் பிந்துது: திரைப்பதிவோடு ஐந்து வருட அனுபவம்

"ரீச்சர், நீங்கள் விடையை எழுதிப்போட்டுத்தான் கணக்கை விளங்கப்படுத்துறியள், என்ன?"

முரசுமோட்டையில் இருந்து வரும் பிள்ளை ஒன்று இப்படிக் கேட்ட பிறகுதான் என் வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் சரி. பத்தாவது நிமிடத்தில் லேசாக இடறியது. நாற்பதாவது நிமிடத்தில், "இரண்டு பக்கமும் ஐந்தைக் கழிப்பம்" என்று நான் சொல்ல முந்தியே திரையில் கழித்து, சுருக்கி, விடைக்குக் கீழே கோடும் இழுத்தாயிற்று.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது தொடங்கிய வேலை இது. பரந்தனில் வீட்டு விறாந்தையில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரமுடியாமல் போகவே, போனில் எழுதுபலகைச் செயலி ஒன்றைத் திறந்து, திரையைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் பார்க்கும்போது பதிவில் ஒரு பிழையும் இல்லை. எடிட்டிங் மென்பொருளுக்குள் போட்டால் மட்டும் குழம்பும். அதனால் பழி முழுவதும் மென்பொருளின் தலையில்தான் விழுந்தது. ஒன்றை அழித்து இன்னொன்று, அதையும் அழித்து மூன்றாவது. மூன்றிலும் கிட்டத்தட்ட அதே சறுக்கல். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியோவை வெட்டி இழுத்துப் பொருத்தினேன். இரண்டு இரவு அதிலேயே போனது. ஆனால் ஒன்று பிடிபட்டது. நான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்த இடங்களில் சறுக்கல் கூடவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு வாயால் விளக்கிய இடங்களில்தான் ஒரேயடியாகப் பாய்ந்தது.

காரணம் இதுதான். போனின் திரைப்பதிவு பெரும்பாலும் திரையில் ஏதாவது மாறினால்தான் புதிய பிரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப்படம், எடுக்கும். எழுதும்போது செக்கனுக்கு முப்பது, சும்மா இருக்கும்போது ஏழோ எட்டோ. மாறும் பிரேம் வீதம் என்பது இதைத்தான். ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கு பைலுக்குள்ளேயே இருப்பதால் போன் அதைப் பார்த்துச் சரியாக ஓட்டுகிறது. சில எடிட்டிங் மென்பொருட்களோ அந்தக் கணக்கைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பிரேமையும் செக்கனுக்கு முப்பது என்று வரிசையாக அடுக்கிவிடும். எட்டுப் பிரேம் உள்ள ஒரு செக்கன் கால் செக்கனில் முடிந்துவிட்டால் படம் முந்தாமல் என்ன செய்யும்? ஓடியோ பாவம், தன் பாட்டில் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

இதை உறுதிப்படுத்த மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் சிறு மென்பொருள் போதும். பைலை அதற்குள் இழுத்துப் போட்டால் 'பிரேம் ரேட் மோட்' என்று ஒரு வரி வரும். அதில் 'வேரியபிள்' என்று இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். தொடக்கத்தில் இருந்து கடைசிவரை ஒரே அளவு பிந்தினால் அது வேறு சங்கதி, ஓடியோவை ஒருமுறை நகர்த்தினாலே தீரும். போகப்போகக் கூடினால்தான் பிரேம் வீதத்தைச் சந்தேகிக்க வேண்டும். செக்கனுக்கு 29.97 பிரேமில் எடுத்ததை 30 என்று எடுத்துக்கொண்டால்கூட ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ மூன்றரைச் செக்கன் விலகும்.

மருந்து ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள். வீடியோப் பகுதியில் பிரேம் வீதத்தை 30 என்று வைத்து, பக்கத்தில் 'கொன்ஸ்டன்ட்' என்பதைத் தெரிவு செய்து மாற்றி எடுத்து, அந்தப் புதிய பைலைத்தான் எடிட்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டும். என் பழைய லப்டொப்பில் நாற்பது நிமிட வீடியோவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் இருக்கும். இப்போது நான் பாவிக்கும் எடிட்டிங் மென்பொருளான கேடென்லைவ் இப்படியான பைலைப் போட்டவுடனேயே 'மாற்றட்டுமா' என்று தானாகக் கேட்கிறது. கேட்டால் 'ஓம்' சொல்லுங்கள். அவசரத்தில் தட்டிவிட்டு நான் இரண்டு தரம் மாட்டுப்பட்டிருக்கிறேன்.

2021இல் போனை விட்டுவிட்டு லப்டொப்பில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருளுக்கு மாறினேன். அது நிலையான பிரேம் வீதத்தில் பதிவதால் சறுக்கல் கதை அத்தோடு முடிந்தது. அடுத்த கதை கரண்ட்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். என் லப்டொப்பின் பற்றரி அதற்கு முதலே செத்துவிட்டது, வயரில்தான் உயிர். முக்கோணகணிதம் ஐம்பது நிமிடம் படிப்பித்து, கடைசிக் கணக்கில் நிற்கும்போது பட்டென்று எல்லாம் இருண்டது. கரண்ட் வந்த பிறகு பார்த்தால் பைல் இருக்கிறது, ஒரு ஜிபிக்குக் கிட்ட அளவும் காட்டுகிறது, ஆனால் எதிலும் திறக்காது. எம்பி4 பைல் தன் பொருளடக்கத்தைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். முடிக்க முதல் கரண்ட் போனால் பொருளடக்கம் இல்லாத பைல்தான் மிஞ்சும். எம்கேவி என்ற பைல் வகை அப்படியில்லை, வெட்டுப்பட்ட இடம்வரை திறக்கும்.

அன்றில் இருந்து எம்கேவியில்தான் பதிகிறேன். எடிட்டிங் மென்பொருள் எம்கேவியை ஏற்காவிட்டால், ஓபிஎஸ்ஸின் 'பைல்' மெனுவில் உள்ள 'ரீமக்ஸ்' அதை எம்பி4 ஆக்கித் தரும். பெட்டியை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, சில செக்கனில் முடிந்துவிடும். புதிய பதிப்புகளில் கரண்ட் போனாலும் தப்பும் ஹைபிரிட் எம்பி4 வந்திருக்கிறது. நான் இன்னும் எம்கேவிதான். சூடு கண்ட பூனை.

இடையில் துணுக்காயில் இருந்து அக்காவின் மகன் போன் எடுத்தான். "சித்தி, ஓபிஎஸ்ஸில திரை கறுப்பாத்தான் நிக்குது. மவுஸ் மட்டும் ஓடுது." அவனுடையது இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லப்டொப். திரை ஒன்றில் ஓட, ஓபிஎஸ் மற்றதில் ஓடினால் இப்படிக் கறுப்பாக நிற்கும். விண்டோஸ் செட்டிங்கில் 'டிஸ்பிளே'க்குள் 'கிராபிக்ஸ்' போய், ஓபிஎஸ்ஸை 'பவர் சேவிங்' என்று வைக்கச் சொன்னேன். "பவர் சேவிங்கோ? அப்ப கேமுக்கு?" என்று இழுத்தான். கேமுக்குத் தொட வேண்டாம், ஓபிஎஸ்ஸுக்கு மட்டும் என்று சொல்லி முடிக்கவே படம் வந்துவிட்டது.

எடிட் செய்யும்போது இழுபடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஓபிஎஸ்ஸில் 'கீபிரேம்' இடைவெளியைத் தானியங்கியில் விட்டால் எட்டுச் செக்கனுக்கு ஒரு முழுப்படம்தான் இருக்கும். இடையில் எங்கு கிளிக் பண்ணினாலும் மென்பொருள் பின்னால் போய் அந்த முழுப்படத்தில் இருந்து கணக்குப் பார்த்து வர வேண்டும். நான் ஒரு செக்கனாகக் குறைத்தேன். பைல் கொஞ்சம் பெருக்கும், ஆனால் வெட்டுவது வெண்ணெய். அதோடு கேடென்லைவில் புறொக்சியும் (எடிட் செய்யும்போது மட்டும் பாவிக்கும் சிறிய நகல்) போட்டால் எட்டு ஜிபி ராம் லப்டொப்பே தாக்குப்பிடிக்கிறது.

மைக்கைத் தனி ட்ராக்கில் பதிவது எல்லாவற்றிலும் பிந்தி வந்த புத்தி. காலபோக அறுவடை நேரம் ஒழுங்கையால் வெட்டு மெசின் போகும், மதிலில் மயில் ஏறி நின்று கத்தும். தனி ட்ராக் என்றால் அந்த இடத்தில் குரலை மட்டும் திரும்பப் பேசிப் போடலாம். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மட்டும் இன்றுவரை வழி இல்லை, அன்றைக்குப் பதிவே இல்லை.

இப்போதும் பதிவைத் தொடங்கும்போது ஒருமுறையும் முடிக்கும்போது ஒருமுறையும் பேனையால் பலகையில் குத்தி 'டக்' என்று ஒரு புள்ளி வைக்கிறேன். இரண்டு இடத்திலும் புள்ளியும் சத்தமும் சேர்ந்து விழுந்தால் இடையில் பார்க்கத் தேவையில்லை. 2020இல் போனில் எடுத்த மூலப் பதிவுகள் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. இரவுக்கு ஒன்றாக ஹேண்ட்பிரேக்கில் போட்டு வருகிறேன். பதினான்கு முடிந்தது. அந்தப் பிள்ளை பிழை பிடித்த இருபடிச் சமன்பாட்டைத்தான் இன்றிரவு போட வேண்டும், கரண்ட் போகாமல் இருந்தால்.